தத்தனேரியிலிருந்து வரும் வழி

சொந்த வீட்டுக்குப் போகிற வழிக்கு என்ன விலை போடலாம்? கோரிப்பாளையத்தில் பூட்டும் கீலும் விற்கிற ஜெயபாண்டியைக் கேட்டால் ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்பான். அது விற்ற விலை. விற்றவனே காசையும் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்ததுதான் அந்த வியாபாரத்தில் கூத்து. வாங்கினது யார் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது. முகம் காட்டவில்லை.

கடைக்கு மேல் மாடியில் சபுரா டீச்சர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினார். மகள் பவதாரிணிக்கு நாலு வயசு. அவளைச் சேர்க்க நினைத்த பள்ளிக்கூடத்தில் முதலில் அப்பன் ஆத்தாள் வந்து இங்கிலீஷில் பேசிக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மனைவி தமிழ்ச்செல்வி பி.காம். படித்தவள், சமாளித்துக்கொள்வாள். ஜெயபாண்டிக்குத் தெரிந்த இங்கிலீஷெல்லாம் பூட்டுப் பெட்டியில் அச்சடித்திருப்பதுதான். கீழே கடை வைத்திருப்பவன் என்ற உரிமையில் டீச்சரிடம் பேரம் பேசி, மூவாயிரத்து ஐந்நூறில் ஆயிரத்தைக் குறைத்துச் சேர்ந்தான்.

ஊரில் உள்ள இடங்களைச் சொல்வது, வழி சொல்வது என்று ஒரு பாடம் வந்தது. மதுரையில் எல்லாருக்கும் தெரிந்த ஓர் இடத்திலிருந்து தொடங்கி அவரவர் வீட்டுக்கு வழி எழுதி மனப்பாடம் செய்துவரச் சொன்னார் டீச்சர். மற்றவர்கள் கோயில் கோபுரத்திலிருந்தும் பஸ் ஸ்டாண்டிலிருந்தும் தொடங்கினார்கள். ஜெயபாண்டி தத்தனேரிச் சுடுகாட்டிலிருந்து தொடங்கினான். விளாங்குடியில் இருக்கிற அவன் வீட்டுக்கு அதுதான் கைக்கெட்டின அடையாளம். "தத்தனேரிக்கு எல்லாரும் வழி தெரிஞ்சுதான் போறோம் டீச்சர். அங்கேருந்து திரும்பி வரத்தான் ஒருத்தனுக்கும் வழி தெரியல. நம்ம எழுதி வைப்போமே" என்றான். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, வேறு இடம் போடலாமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். பாதி மனப்பாடம் ஆகிவிட்டது, விற்ற சரக்கைத் திருப்பி எடுப்பதில்லை என்று இவன் சொல்லிவிட்டான்.

பாடம் இதுதான்: தத்தனேரியிலிருந்து கோ ஸ்ட்ரெய்ட். திண்டுக்கல் ரோட்டில் ஏறிப் பெட்ரோல் பங்க்கைத் தாண்டு. விளாங்குடித் தண்ணித்தொட்டி முக்கில் வீரணன் டீக்கடை. அங்கிருந்து உள்ளே வந்தால் பிள்ளையார் கோயில். கோயிலில் டர்ன் லெஃப்ட். நீலக் கேட் போட்ட வீடு, அதில் நாங்கள் மூன்று பேர். ப்ளீஸ் கம் டு மை ஹவுஸ். கடைசி வரியை அவனே சேர்த்தான். வழி சொல்லிவிட்டு வாங்க என்று கூப்பிடாமல் விட்டால் அது என்ன மரியாதை.

நேர்காணலுக்கு முதல் நாள் பக்கத்துக் கடை பெயிண்ட்காரர் செத்துப்போனார். தத்தனேரியில் அவருக்கு முன்னால் மூன்று பேர் வரிசையில் இருந்தார்கள். கூட்டம் ஆளாளுக்கு ஒரு நிழலில் ஒதுங்க, ஜெயபாண்டி பின்பக்கச் சுவரோரம் வேப்பமரத்தடிக்குப் போனான். ஆடிக் காற்று மண்ணை வாரி வாரி இறைத்தது. கருகின மாலையும் நெய்யும் ஈரச் சாம்பலும் கலந்த வாடை ஒரு தடவை மூக்கில் ஏறினால் இறங்கவே மாட்டேனென்றது. சும்மா நிற்கிற நேரத்தில் பாடத்தை ஒரு ஓட்டு ஓட்டிவிடலாமே என்று வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தான். இழவுக்குப் போன இடத்தில் யாரையும் வாங்க என்று கூப்பிடக்கூடாது, கிளம்பும்போது போயிட்டு வாரேன் என்றும் சொல்லக்கூடாது. தமிழில் சொல்லியிருந்தால் நாக்கைக் கடித்திருப்பான். இங்கிலீஷ் என்பதால் அது பாடமாகத்தான் தெரிந்தது.

கடைசி வரியை முடித்த கையோடு, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "பார்டன்?" என்றது.

காது கேட்காவிட்டால் இப்படிக் கேட்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்த அதே சொல். வகுப்பில் கூடப் படிக்கிறவன் யாரோ இழவுக்கு வந்திருக்கிறான் போல என்று நினைத்தான். கேட்டவனுக்கு இன்னொரு தடவை எடுத்துக் காட்டாதவன் கடைக்காரனே கிடையாது. நிறுத்தி, நிதானமாக, மறுபடி முழுக்கச் சொன்னான். இந்தத் தடவை அந்தக் குரல் வரிக்கு வரி கூடவே வந்தது. முடிந்ததும் எட்டிப் பார்த்தான். கருவேல முள். உடைந்த மண்பானை. காற்றில் உருளும் ஒரு பிளாஸ்டிக் தம்ளர். ஒருத்தரும் இல்லை.

நேர்காணல் நன்றாகவே முடிந்தது. வீட்டுக்கு வழி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பணம் கட்டுகிற கவுண்டருக்குப் போகிற வழியை அவர்களே சொன்னார்கள்.

அதற்கப்புறம் ஒரு சாயங்காலம் பெட்ரோல் பங்க்கில் வண்டிக்குப் பெட்ரோல் போடும்போது, அங்கே வேலை பார்க்கிற பெண் இவன் முகத்தையே பார்த்தாள். விளாங்குடி நீலக் கேட் வீடு உங்களுதுதானே என்றாள். மத்தியானம் யாரோ வந்து வழி கேட்டார்களாம், இங்கிலீஷில். அவளும் கையைக் காட்டி நேராகப் போகச் சொல்லியிருக்கிறாள். ஆம்பளையா பொம்பளையா என்று கேட்டான். அவள் தான் கையைக் காட்டின பக்கம் திரும்பினாள். யோசித்துப் பார்த்தாள். பகல் வெளிச்சத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நின்ற ஆளை நினைவுக்குக் கொண்டுவர முடியாத பயம் அவள் கண்ணில் வந்தது. "குரல் மட்டும் ஞாபகம் இருக்குண்ணே. நீங்க பேசுற மாதிரியே இருந்துச்சு."

மறுநாள் டீச்சரிடம் போய், ஒருத்தரை வர வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்வது எப்படி என்று கேட்டான். கூப்பிட்ட விருந்தாளியையா என்று அவர் கேட்டதற்கு நோட்டையும் பேனாவையும் நீட்டினான். சாரி, வீ ஆர் அவுட் ஆஃப் ஸ்டேஷன் என்று எழுதிக் கொடுத்தார். அதை மனப்பாடம் செய்துகொண்டு, உச்சி வெயிலில் தத்தனேரிக்குப் போய், வேப்பமரத்தடியில் நின்று சுவரைப் பார்த்துச் சொன்னான். இங்கிலீஷில் சொன்னான். தமிழில் சொன்னான். கடைசியில் கும்பிட்டுக்கொண்டு சொன்னான். பார்டன் என்று ஒரு சத்தம் வராதா என்று இருந்தது. காக்கை கத்தியது. முள்ளில் காற்று உரசியது. கேட்க வேண்டியது அங்கே இல்லை. எப்போதோ கிளம்பிவிட்டது.

அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் வீரணன் டீக்கடையில் இறங்கினான். அவன் இறங்குவதற்குக் காத்திருந்தவன் மாதிரி வீரணன், "என்ன மாப்ள, ஃபாரின் சொந்தமெல்லாம் வருது, சொல்லவேயில்ல?" என்றான்.

ஜெயபாண்டி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

வந்த ஆளுக்கு வீரணன் ஒரு டீ போட்டுக் கொடுத்திருக்கிறான். கிளாஸ் பெஞ்சின் மேல் அப்படியே இருந்தது, ஏடு படிந்து, அந்த ஏட்டின் மேல் பொடிப்பொடியாய்ச் சாம்பல். குடிக்கவில்லையாம். நீலக் கேட், நீலக் கேட் என்றே கேட்டதாம். "பிள்ளையார் கோயில் வரைக்கும் பாத்தேன், அங்க லெஃப்ட்ல திரும்பிருச்சு. ஏய் அது இல்ல, ரைட்டுன்னு கத்துனேன். திரும்பிப் பாக்கல. நீ சொன்ன வழியைத் தவிர வேற வழியில போகாது போல."

ஜெயபாண்டிக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கினதும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். வீட்டிலிருந்து கடைக்குப் புறப்படுகிற வழியை மனசில் வைத்துக்கொண்டல்லவா அவன் பாடம் எழுதினான். போகும்போது கோயிலில் லெஃப்ட், வரும்போது ரைட். திருப்பிப் போட மறந்துவிட்டான். டீச்சருக்கு விளாங்குடி தெரியாது, திருத்தவில்லை. பிறந்ததிலிருந்து அவன் செய்த தப்புகளில் லாபம் கொடுத்தது இது ஒன்றுதான்.

லெஃப்ட் பக்கத் தெரு நாலு பிளாட்டோடு முடிந்துவிடும். அதற்கப்பால் கருவேலங்காடு. அடுத்தடுத்த சாயங்காலங்களில் அந்தத் தெருவுக்குள் நாய்கள் போவதை நிறுத்தின. கோயில் முக்கிலேயே நின்று, ஒரே பக்கமாய்ப் பார்த்து, குரைக்காமல் முனகின. காற்று அந்தப் பக்கமிருந்து அடிக்கும்போது கருகின மாலை வாடை வந்தது. கூடவே, யாரோ பாடத்தை முதல் வரியிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்க்கிற மாதிரி ஒரு முணுமுணுப்பு. கோ ஸ்ட்ரெய்ட். டர்ன் லெஃப்ட். அப்புறம் ஓர் இடைவெளி. மறுபடி முதலிலிருந்து. அந்த இடைவெளி வரும்போதெல்லாம் ஜெயபாண்டி எழுந்துபோய்க் கேட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவான்.

கடையில் இருப்பதிலேயே விலை கூடின பூட்டைக் கொண்டுவந்து நீலக் கேட்டில் சங்கிலியோடு மாட்டினான். கேட்டின் கீழே ஒரு கம்பி விட்டுப்போய் ரெண்டு மாசம் ஆகிறது. பவதாரிணி அந்தச் சந்துக்குள் நுழைந்து நுழைந்து வெளியே போவாள், வருவாள். கம்பி வைக்க வேண்டும் என்று தமிழ்ச்செல்வி சொல்லிக்கொண்டே இருந்தாள். பூட்டு விற்கிறவன் வீட்டு ரிப்பேர் எப்போதும் நாளைக்குத்தான். கொஞ்ச நாள் உன் அம்மா வீட்டில் இருங்கள், கோச்சடைக்குப் போங்கள் என்று இவன் சொன்னதற்கு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்ன ஆவது, உங்களுக்கு யாரோ கண்ணு வச்சுட்டாங்க என்று உப்பைச் சுற்றிப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். விளக்கு வைக்கிற நேரம். தமிழ்ச்செல்வி அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு சாப்பிட்ட பவதாரிணி, தோசை பிய்த்த கையைத் தூக்கி அப்பாவிடம் காட்டினாள்.

"இது ரைட்டு. மிஸ் சொன்னாங்க. சாப்பிடுற கை ரைட்டு."

"ஆமாடா தங்கம்."

"நீங்கதான்ப்பா தப்பா சொல்லிக்குடுத்திருக்கீங்க. பிள்ளையார் கோயில்ல ரைட்டுல்ல?" அவள் இன்னொரு துண்டைப் பிய்த்துச் சீனியில் தொட்டாள். "பாவம், பார்டன் அங்கேயே நின்னுக்கிட்டு இருந்துச்சு. நான் சரியாச் சொல்லிட்டேன்."

"யாரு நின்னா?"

"பார்டன்."

மின்விசிறி நின்றது. தெரு முழுக்க ஒரே நேரத்தில் கரண்ட் போனது. அடுப்படியில் ஸ்டவ்வின் நீலம் மட்டும் தெரிந்தது. வாசலில் ஆடிக் காற்று சங்கிலியை ஆட்டியது. அப்புறம் காற்று நின்றது. சங்கிலி ஆடியது.

ஜெயபாண்டி வாசலுக்கு ஓடினான். வியாபாரி புத்தி, முதலில் பூட்டைத்தான் தடவிப் பார்த்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. இழுத்துப் பார்த்தான். இரும்பு அசையவில்லை. கேட்டுக்கு வெளியே யாரும் இல்லை. வாடை இருந்தது. ஈரச் சாம்பல். நெய். மூக்குக்கு நேரே.

"பவா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான்.

நாற்காலி காலி. தட்டில் பாதித் தோசை.

கீழே, கம்பி விட்டுப்போன சந்தில், சின்னக் கவுனின் நுனி உரசி வெளியேறுகிற சத்தம்.

இடுப்பில் சாவிக்கொத்து. கடைச் சாவி. ஷட்டர் சாவி. பீரோச் சாவி. ஊருக்கெல்லாம் இருட்டில் பூட்டைத் திறந்து காட்டியவன் கை. ஒவ்வொரு சாவியாய்த் தடவியது. சாவி துளையில் ஏறவில்லை. அது இல்லை. அதுவும் இல்லை. அடுத்தது.

"பவா, உள்ள வா. அப்பா கூப்பிடுறேன்ல."

அவள் நின்றாள். அவளுக்குப் பக்கத்திலிருந்து அவனுடைய சொந்தக் குரல் கேட்டது.

"பார்டன்?"

"வந்த வழியில திரும்பிப் போகத் தெரியலையாம்ப்பா" என்றாள் பவதாரிணி. "எனக்குத்தான் நல்லாத் தெரியுமாம். நான் கூட்டிட்டுப் போறேன்."

கடைக்கு ஐஸ் வாங்கப் போனாலும் போயிட்டு வாரேன் என்று சொல்லப் பழக்கின பிள்ளை. ஒருநாளும் தவறாத பிள்ளை.

"போறேன்ப்பா" என்றாள்.

தமிழ்ச்செல்வி கத்திக்கொண்டு ஓடி வந்தாள். கேட்டை அவள் உலுக்கின உலுக்கலில் சாவிக்கொத்து கை நழுவிக் கீழே விழுந்தது. அவன் மண்ணில் தேடினான். தேடிக்கொண்டே தலையைத் தூக்கிப் பார்த்தான்.

மேற்கே மிச்சமிருந்த வெளிச்சத்தில் பிள்ளையார் கோயில் முக்கு தெரிந்தது. பவதாரிணி நடந்துகொண்டிருந்தாள். குதிக்காமல், திரும்பிப் பார்க்காமல். அவளுடைய வலது கை தலைக்கு மேலே உயர்ந்திருந்தது, ஒரு பெரிய ஆளின் கையைப் பிடித்தால் எம்புட்டு உயரத்துக்கு உயருமோ அம்புட்டு உயரத்துக்கு. விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தன. கோ ஸ்ட்ரெய்ட் என்று அவள் சொல்வதும், கோ ஸ்ட்ரெய்ட் என்று அவன் குரல் திருப்பிச் சொல்வதும் கேட்டது. தெருப் புழுதியில் சின்னப் பாதங்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. பக்கத்திலேயே, அதே நடைக்கு, சாம்பல் இன்னொரு வரிசையாக உதிர்ந்துகொண்டே போனது.

சரியான சாவி அகப்பட்டபோது முக்கில் ஒருவரும் இல்லை.

வந்தது ஒன்று, அது வரவு. போனது இரண்டு, அது செலவு. நீலக் கேட் போட்ட வீட்டில் மூன்று பேர். எத்தனை தடவை கூட்டினாலும் ஒன்று உதைத்தது.