குடைக்காரர் படமும் பவானியின் இந்தியும்

பிஸ்கட் பாக்கெட்டில் இருந்த இரண்டு இந்தி எழுத்துகளைப் பவானி படித்துக் காட்டியதுதான் தாமதம். "எங்க பவானி இந்தியில பொளந்து கட்டுறா" என்று அம்மா சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். உண்மையில் பவானி இந்தி வகுப்பில் சேர்ந்து நான்கு சனிக்கிழமைகள்தான் ஆகியிருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், கடலூரிலிருந்து இளவரசு மாமா சிதம்பரத்தில் இருக்கும் பவானி வீட்டுக்கு வந்தார். கடலூர்ப் பக்கம் செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. அதை விட்டுவிட்டு முந்திரிப்பருப்பு வியாபாரம் தொடங்கலாமா என்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

"கூட்டாளி ஒருத்தன் இந்தப் படத்தைப் பாக்கச் சொன்னான்" என்றார் மாமா. "குடைக் கம்பெனி ஆரம்பிச்சு பெரிய ஆளான ஒருத்தரோட கதை. கொரியாப் படம். தமிழ்ல டப்பிங் இல்ல, இந்தியிலதான் பேச வச்சிருக்காங்க. அதனால என்ன, நம்ம பவானி இருக்காளே!"

'எனக்குத் தெரியாது மாமா' என்று சொல்லப் பவானி வாயெடுத்தாள். அம்மாவின் முகத்தில் பெருமை பொங்கி வழிந்தது. வார்த்தை உள்ளேயே போய்விட்டது.

படம் ஓடியது. குடைக்காரர் ஒரு நரைத்த தாடிக்காரரிடம் மூச்சு விடாமல் பேசினார்.

"என்னம்மா சொல்றாரு?" என்றார் அப்பா.

"அது அவரோட அப்பா. ஆசீர்வாதம் பண்ணுங்கன்னு கேக்குறாரு."

"இவ்ளோ நேரம் பேசினாரே, இவ்ளோதானா?"

"இந்தியில கொஞ்சம் ஜாஸ்தியாத்தான்பா பேசுவாங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். பவானிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. படம் ஒரு பக்கம் போக, அவள் சொன்ன கதை இன்னொரு பக்கம் போனது.

பிறகு அந்தக் காட்சி வந்தது. குடைக்காரர் வேலை செய்யும் மில்லின் வாசலில் நல்ல மழை. அவர் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே ஏதோ சொன்னாள்.

மாமா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "பவானி, அந்தம்மா என்ன சொல்றாங்க?"

"வேலையை விட்டுடுங்க, எல்லாம் நல்லபடியா நடக்கும்னு சொல்றாங்க."

மாமா சட்டென்று எழுந்தார். "எனக்கே சொன்ன மாதிரி இருக்கு! சூப்பர்வைசருக்கு இப்பவே மெசேஜ் போட்டுடறேன். நாளையிலேருந்து வேலைக்கு வரலைன்னு."

அவர் விரல் போனில் வேகமாக ஓடியது. மாமா வேலையை விட்டு, வியாபாரமும் ஓடாவிட்டால்?

"மாமா, அனுப்பாதீங்க!" என்று பவானி கத்தினாள். "எனக்கு இந்தி தெரியாது. பழங்க பேரு தெரியும், ஒண்ணுலேருந்து இருபது வரைக்கும் எண்ணத் தெரியும். மத்ததெல்லாம் நானே சொன்னது."

படத்தில் இன்னும் மழை பெய்துகொண்டிருந்தது.

"அப்ப அந்த ஆசீர்வாதம்?" என்றார் அப்பா.

"அதுவும்தான்பா."

யாரும் திட்டுவதற்கு முன் பவானி கீழ்வீட்டுக்கு ஓடினாள். அங்கே இருக்கும் அஜீசுன்னிசா அத்தை பன்னிரண்டு வருஷம் துபாயில் இருந்தவர். பக்கத்து வீட்டு வடநாட்டுக்காரர்களோடு பேசிப் பேசியே அங்கே இந்தி கற்றுக்கொண்டவர்.

"அத்தை, கொஞ்சம் மேல வாங்களேன். எங்க மாமாவோட வேலையே போயிடும் போலருக்கு!"

அத்தை பதறிப்போய், கரண்டியும் கையுமாகவே மாடியேறி வந்தார். மழைக் காட்சியை மறுபடி ஓட்டினார்கள்.

"அவசரப்பட்டு வேலைய விடாதீங்கன்னுதான் அந்தப் பொண்ணு அழுவுது" என்றார் அத்தை. "லீவு நாள்ல மட்டும் குடை வித்துப் பாருங்க, நானும் கூட வர்றேன்னு சொல்லுது."

மாமா தொப்பென்று உட்கார்ந்தார். அடித்து வைத்திருந்த மெசேஜை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். "அடிப் பாவி, தப்பிச்சேன்!" என்று பவானியின் தலையில் செல்லமாகக் குட்டினார். "ஞாயித்துக்கிழமை எனக்கும் லீவுதானே? முதல்ல பத்து பாக்கெட் முந்திரி வித்துப் பாக்குறேன்."

"அத்தை, அந்தத் தாடிக்காரர் யாரு?" என்று மெதுவாகக் கேட்டாள் பவானி.

அத்தை அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அவர் ஒரு குடைக் கம்பெனி முதலாளி. நானும் குடை வித்து உங்களை ஊரைவிட்டே தொரத்திடுவேன்னு நம்ம குடைக்காரர் அவரை மிரட்டுறாரு!"

அம்மாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுப்பை அணைக்கக் கீழே போன அத்தை, ஒரு தட்டு நிறைய சமோசாவோடு திரும்பி வந்தார். படத்தை முதலிலிருந்து போட்டார்கள். பவானி அத்தையின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"அத்தை, அவர் என்ன சொல்றாரு?" என்று கேட்டுக் கேட்டு, எல்லோரும் சிரித்த இடத்தில் அவளும் சிரித்தாள்.

அப்போதுதான் பவானிக்கும் படம் புரிந்தது.