விண்கலத்தில் இரண்டு கோப்பைகள்

மணி நாலாக இருபது நிமிடம் இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. படம் இருந்த பையை மழையில் நனையாமல் அணைத்துக்கொண்டு வந்தவள், பதிப்பகத்தின் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்னும் இரண்டு மாடி. முடியவில்லை...

மேல்படியில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டையும் நனைந்திருந்ததால் கண்ணாடி தெளியவே இல்லை. அவள் கைக்குட்டையை நீட்டினாள். அவர் நிமிர்ந்தார். தூங்கிப் பல நாளான கண்கள். தினமும் முகம் கழுவும்போது எதிரே தெரியும் தன் கண்கள் மாதிரியே...

பேச ஆள் கிடைத்ததும் கொட்டித் தீர்த்தாள். குழந்தைகளுக்கான விண்வெளி நாவலுக்குப் படம் போடுகிறாள். ஒரு சிறுமி தனியாக விண்கலம் ஓட்டிப் போகும் கதை. கலத்து மேசையில் இவள் இரண்டு கோப்பை வரைந்துவிட்டாள். எழுதினவர் ஒன்றை அழிக்கச் சொல்கிறார். இங்கே எழுதுகிறவரும் வரைகிறவரும் நேரில் பார்த்துக்கொள்ளும் வழக்கமில்லை. எல்லாம் பதிப்பாசிரியர் அக்கா வழியாகத்தான். மூன்று மாதமாகத் தூது போய் அக்காவுக்கே அலுத்துவிட்டது. இன்று நாலு மணிக்குள் இருவரில் ஒருத்தர் இறங்கி வராவிட்டால் அந்தப் படமே புத்தகத்தில் கிடையாது.

"இதுல, கோப்பை மேசையில நிக்காது, மிதக்கும்னு பாடம் வேற எடுக்கிறார்."

"மிதக்கத்தானே செய்யும்?"

"அடியில காந்தம் வச்சிருக்கேன்னு சொல்லுங்க அந்த ஆள்கிட்ட."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அந்த ஆள்கிட்டதான் சொல்லிட்டிருக்கீங்க."

அவளுக்கு முகம் சுட்டது. மன்னிப்புக் கேட்க வீம்பு விடவில்லை. அவரும் விடவில்லை. தனியாகப் போகிறவளுக்கு இன்னொரு கோப்பை எதற்கு என்று கேட்டார்.

எதற்கு... அப்பா போய் ஒரு வருஷம். இன்னும் காலையில் கை தானாக இரண்டு கோப்பை எடுக்கிறது. ஒன்று குடிக்க ஆளில்லாமல் ஆறிப்போகிறது. அந்தக் கைதான் வரைந்திருக்கிறது. இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. அதற்கும் தெம்பில்லை. வெள்ளை பூசி மறைத்துவிடுகிறேன் என்று படத்தை வெளியே எடுத்தாள்.

ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு படி இறங்கி அவளருகே உட்கார்ந்தார். அதுவரை நகலைத்தான் பார்த்திருந்தார். அசலை இப்போதுதான் பார்க்கிறார். பிறகு மெல்லச் சொன்னார்... தனியாக இருக்கிறவர்களை மட்டும்தான் அவருக்கு எழுத வரும். அவர் வீட்டில் பேச்சுக்குரல் கேட்டே பல வருஷம். அந்த இரண்டாவது கோப்பையைப் பார்த்தபோது கோபம் வரவில்லை. பயம் வந்தது.

"அழிக்காதீங்க. கதையை நான் மாத்திக்கிறேன்."

அவள் நம்பாமல் பார்த்தாள். "அப்போ முதல் படத்துல போட்ட வால்நட்சத்திரம்? வாலை மூணு தடவை மாத்த வச்சீங்களே..."

"முதல் தடவையே நல்லாத்தான் இருந்தது." அவர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "தப்புன்னு சொன்னா உங்க கையால இன்னொரு படம் வரும். அதுக்காகத்தான்... இனிமே தப்பு எதுவும் சொல்லாமலே உங்களைப் பார்க்க வரலாமா?"