மெக்லித் விட்டுக்கொடுத்த முன்சீட்டு

வின்னிபெக் நகரத்து ஜனவரிக் குளிருக்கு ஈவிரக்கமே கிடையாது. அன்று அது கிர்மாவின் பேட்டரி டாக்ஸியை ஒரு கை பார்த்துவிட்டது. காலையில் முழுதாக ஏற்றிய சார்ஜ் மாலைக்குள் கரைந்து, திரையில் எண் சிவப்பாகிவிட்டது.

சூடேறும் முன்சீட்டில் அவர் மகள் மெக்லித் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு மாலை வேலை என்றால், பள்ளி விட்டதும் அவளுக்கு டாக்ஸிதான் வீடு. அப்பாவின் முகம் வாடியிருந்தது. பேட்டரி வண்டி கோடைக்குத்தான் லாயக்கு, குளிர்காலத்தில் தள்ளுவதற்கு ஆள் வைத்துக்கொள் என்று மற்ற ஓட்டுநர்கள் கேலி செய்திருந்தார்கள்.

மருத்துவமனை வாசலில் வண்டி நின்றது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, கிர்மாவின் வண்டியில் வழக்கமாக வரும் முதியவர் ஹெல்கா அம்மா காத்திருந்தார். சிறுநீரகச் சிகிச்சை முடிந்த நாளில் அவருக்கு உடம்பெல்லாம் வெடவெடக்கும். வீடோ ஊர்க்கோடியில்.

"ஹீட்டர் போட்டா பாதி வழியில நின்னுடும். போடாட்டி அவங்க தாங்க மாட்டாங்க," என்றார் கிர்மா. "வேற வண்டி கூப்பிட்டுக்கச் சொல்லிடறேன். நாளைக்கே இந்த வண்டியை வாங்கின இடத்துலயே திருப்பிக் கொடுத்துடலாம்."

மெக்லித் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். இந்தப் பனியில் வேறு வண்டி எப்போது வருமோ? பாவம், ஹெல்கா அம்மா நிற்கவே முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தார்.

"அப்பா, இந்த சீட்டுச் சூட்டுக்கு நிறைய சார்ஜ் போகுமா?"

"கொஞ்சம்தான். ஆனா பின்சீட்டுல அது இல்லையேம்மா."

"பின்னாடிதான் உக்காரணும்னு யாருப்பா சொன்னது?"

இத்தனை வருடத்தில் கிர்மா எந்தப் பயணியையும் முன்னால் உட்காரச் சொன்னதில்லை. அதற்குள் மெக்லித் இறங்கிப் போய், ஹெல்கா அம்மாவைக் கைபிடித்து அழைத்து வந்தாள்.

அவர் தயங்கினார். டாக்ஸியில் முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லை என்றார். பிறகு, "இது உன் இடமாச்சே. நீ என்ன பண்ணுவ?" என்று கேட்டார்.

"எனக்குத் தடிமனான கோட்டு இருக்கு," என்று சொல்லிவிட்டு மெக்லித் பின்னால் ஏறிக்கொண்டாள்.

ஹீட்டர் இல்லாமல் வண்டி ஊர்ந்தது. கண்ணாடியில் படிந்த பனியை கிர்மா துடைத்துக்கொண்டே ஓட்டினார். திரையில் எண் குறைந்துகொண்டே வந்தது. மெக்லித்தின் கால்விரல்கள் மரத்துப்போயின.

ஒருவழியாக வீடு வந்தது. பக்கத்துச் சார்ஜ் நிலையம் வரை போகும் அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது. ஹெல்கா அம்மாவின் நடுக்கம் நின்றிருந்தது.

"புதன்கிழமையும் நீங்களே வாங்க கிர்மா. முன்சீட்டு எனக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன்."

கிர்மா திரையைப் பார்த்தார். பிறகு, "கண்டிப்பா வர்றேம்மா," என்றார்.

பின்சீட்டில் மெக்லித்துக்குப் பற்கள் தந்தியடித்தன. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.