ஆறாவது அத்தியாயம்

புதன்தோறும் காலை பத்து மணிக்கு தூத்துக்குடி வானொலியில் ‘நூலோடு ஒரு நேரம்’ தொடங்கும். ஒன்பதே முக்காலுக்கு, அதை நடத்தும் ஜெசிந்தா செயற்கை நுண்ணறிவுச் செவித்துணையைக் காதில் பொருத்திக்கொண்டாள். அன்றைய நூலை அது நான்கு விநாடியில் படித்து முடித்தது. அவள் தேநீரைக் குடித்து முடித்தாள்.

பதினோரு ஆண்டுகளாக இப்படித்தான். எழுத்தாளர், விஞ்ஞானி, ஆய்வாளர் என ஐந்நூறு பேருக்கு மேல் பேட்டி கண்டிருந்தாள். கேள்வியைச் செவித்துணை முணுமுணுக்கும். அவள் தன் குரலில் கேட்பாள். விருந்தினர் காதிலும் ஒன்று இருக்கும். நூலை முழுதாகப் படிக்கும் வழக்கம் எப்போதோ விட்டுப்போயிருந்தது; யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை.

அன்று வந்த தவசிக்கனியின் காதில் எதுவும் இல்லை. உப்பளத் தொழிலாளர்களின் பழைய வேலைநிறுத்தத்தைப் பற்றி ஒன்பது ஆண்டுகள் அலைந்து எழுதியவர். பேச்சின் நடுவே அவரே கேட்டார்.

“ஆறாவது அத்தியாயம் உங்க அம்மா சொன்னது. மக படிக்கணும்னுதான் தன் பேரையே போடச் சொன்னாங்க. படிச்சப்ப எப்படிம்மா இருந்துச்சு?”

‘அழுதேன் என்று சொல்லுங்கள்,’ என்றது காதுக்குள் குரல்.

“அழுதுட்டேன் சார்.” பழகிய குரல் தானாகவே தழுதழுத்தது. தவசிக்கனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஒலிபரப்பு முடிந்ததும் அம்மா கைபேசியில் அழைத்தாள்.

“கேட்டுக்கிட்டுதான் இருந்தேன் ஜெசி. உங்கிட்ட நேர்ல சொல்ல வாய் வரல. அதான் அந்த சார்கிட்ட சொன்னேன். எம்மேல வெறுப்பு இல்லல்லா?”

எதற்கு வெறுப்பு? செவித்துணை விடை சொன்னது: ‘போராட்டத் தலைவர் ஒளிந்திருந்த வீட்டை உங்கள் அம்மா காட்டிக்கொடுத்தார். அதற்கு ஈடாக, காய்ச்சலில் கிடந்த குழந்தைக்கு மருந்து கிடைத்தது. மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.’

அந்தக் குழந்தை அவள்தான். ஜெசிந்தா செவித்துணையைப் பிடுங்கினாள்.

“அம்மா, நான் படிக்கல.”

“அழுதேன்னு சொன்னியே?”

“அது சொல்லச் சொல்லுச்சு. சொன்னேன்.”

“நீ அழுதேன்னதும் நானும் அழுதேன்ட்டி.”

அன்று மாலையே ஜெசிந்தா நூலோடு அம்மா வீட்டுக்குப் போனாள். அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டாத குறையாக, ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தாள். அந்த வீட்டின் அடையாளத்தை அம்மா சொன்ன இடம் வந்ததும் படிப்பதை நிறுத்தினாள்.

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நிறுத்தாத,” என்றாள். “படி.”