மணலில் இல்லாத துரு

"சாவியைக் கேக்கிறாங்க சார். தரமாட்டேன்னுட்டேன்" என்றபடியே லோகநாயகி உள்ளே வந்தார்.

தண்ணீர்ச் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் தண்ணீர்ப் புகார்களைத் துப்பறிந்துவரும் தனசிங்கின் தாம்பரம் வீடு அது. வழக்கு என்றால் ஜெராக்ஸ் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு ஓடிவரும் நண்பர் சிட்டிபாபு, வந்தவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பீர்க்கன்கரணையில் லோகநாயகி குடியிருக்கும் நகரின் ஆழ்துளைக் கிணற்றில் ஆர்சனிக் நஞ்சு இருந்தது. அதை நீக்கும் மணல் வடிகட்டியை அவர்தான் நடத்திவந்தார்; அதன் சாவியும் அவரிடம்தான். மகளின் பிரசவத்துக்கு அவர் வேலூர் போயிருந்தபோது சோதனைக்கு எடுத்த தண்ணீரில் நஞ்சு மறுபடி தலைகாட்டியது. இன்று மாலைக் கூட்டத்தில் வடிகட்டியை மூடிவிட்டுத் தம் லாரித் தண்ணீரை வரவழைக்கச் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஜெயவேலு தீர்மானம் போடப்போகிறார்.

"நீங்க இல்லாதப்ப யார் பார்த்துக்கிட்டது?" என்று கேட்டார் தனசிங்.

"தலைவரேதான். நான் சொல்லிட்டுப் போனபடி, வடிகட்டிக்கு முன்னால இருக்கிற டிரம்முல பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தினேங்கிறார். குழாயில வாசனையும் வருது."

"அப்போ வடிகட்டி தான் பேஜார் பண்ணுது" என்றார் சிட்டிபாபு.

"பார்த்துட்டுத் தீர்ப்பு சொல்லுங்க ஜட்ஜ் ஐயா" என்றார் தனசிங்.

அங்கே போனதும் மணலைக் கழுவிக் காட்டச் சொன்னார். லோகநாயகி வால்வைத் திருப்பினார். கழுவிய நீர் தெளிவாகவே வெளியே ஓடியது. "எப்பவும் செம்மண்ணாட்டம் வருமே" என்று அவர் முகம் சுளித்தார்.

வடிகட்டிய நீர் போய்ச் சேரும் மேல்நிலைத் தொட்டியில் ஏறிய சிட்டிபாபு எட்டிப் பார்த்துக் கத்தினார்: "அடியில செவப்பா சேறு கீது சார்."

அதற்குள் ஜெயவேலு வந்துவிட்டார். தோளில் மெரூன் துண்டு. அதில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள்.

"தொட்டி மேல ஏறினீங்களா?" என்று கேட்டார் தனசிங்.

"இன்னாத்துக்கு? நான் டிரம்முல தான் ஊத்தினேன்."

மாலையில் எல்லோரும் தொட்டியடியில் கூடினார்கள். தனசிங் நிதானமாகப் பேசினார்.

"இந்தக் கிணத்துத் தண்ணியில இரும்பும் இருக்கு. பிளீச்சிங் பட்டா அது துருவா மாறும். துரு ஆர்சனிக்கைப் பிடிச்சுக்கும். மணல் துருவைப் பிடிச்சுக்கும். பவுடர் டிரம்முல விழுந்திருந்தா துரு மணல்ல இருக்கணும். மணல்ல இல்ல, தொட்டியில இருக்கு. அப்போ பவுடர் விழுந்தது வடிகட்டி தாண்டின பிறகு. அந்தத் துரு நஞ்சோட குழாய்க்கு வந்துடுச்சு. தோள்ல தூக்கிட்டு ஏறினவர் துண்டுலயும் சிந்தி, சாயம் போயிருக்கு."

ஜெயவேலு துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்தார். "ஊருல எல்லாப் பஞ்சாயத்துலயும் டாங்குல தான் கொட்டறான். அத்தையே நானும் செஞ்சேன். இதுல இன்னா தப்பு?"

"கொட்டினது தெரியாத்தனம். ரிசல்ட் வந்த பிறகும் டிரம்முன்னு சொன்னது உங்க லாரிக்காக."

கூட்டம் சலசலத்தது. லோகநாயகி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார்.

"வடிகட்டி ஓடும். ஆனா தொட்டியைக் கழுவி, புது ரிசல்ட் வர்ற வரைக்கும் இந்தத் தண்ணியை யாரும் குடிக்க வேணாம். அதுவரைக்கும் அண்ணனோட லாரி வரும். காசு வாங்காம."

"நான் எதுக்கும்மா..."

"சேறு உங்களோடது அண்ணா." துடைப்பத்தை எடுத்து நீட்டினார். "கழுவுறதும் நீங்கதான்."

கூட்டம் ஒதுங்கி ஏணிக்கு வழிவிட்டது. ஜெயவேலு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார்.