நுழைவுத் திரையில் இரண்டாவது பெயர்

கோலா கெத்தில் ஊரைத் தாண்டி, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காட்டுக்குள் போகும் மண்சாலையின் முடிவில் இருந்தது அந்தப் பலகை வீடு. பிரேமலாவின் சாமான்களை ஏற்றி வந்த வேன் வாசலில் நின்றபோது நண்பகல்தான். ஆனாலும் மரங்கள் கூரைமேல் கவிந்து கிடந்ததால், உள்ளே நுழைந்ததும் விளக்கைப் போட வேண்டியிருந்தது. ஊறிப்போன பலகையின் வாடை அடித்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

கணவனைப் பிரிந்து, திகாம் பத்து ஊரில் இருந்த வீடும் கைமாறிப் போன பிறகு, அவளால் கொடுக்க முடிந்த வாடகைக்கு இதுதான் அமைந்தது. தொலைக்காட்சித் தொடர்களுக்குத் திரையின் அடியில் ஓடும் வசனவரியைத் தமிழில் எழுதுவது அவள் வேலை. அதற்கு ஒரு கணினியும் இணையமும் போதும். மனிதர்கள் தேவையில்லை. சில வாரங்களில் யாரோடும் பேசவே நேராது. தொலைபேசி மணி அடித்தால் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் எடுப்பாள். சொந்தக் குரலே அந்நியமாகக் கேட்கும்.

பின்னறையில், ஜன்னலைப் பார்த்த மேசைமேல், போர்வை மூடிய பழைய கணினி ஒன்று இருந்தது. பக்கத்தில் கனமான இரண்டு ஸ்பீக்கர்கள். முன்பு குடியிருந்தவருடையது, வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வீசிவிடுங்கள் என்று வீட்டுக்காரர் தொலைபேசியில் சொல்லிவிட்டார். அவளுடைய மடிக்கணினி பழுதாகிக் கிடந்த நேரம். வேனோடு வந்திருந்த சித்தி மகன் அருணன் சுங்கை பட்டாணியில் கணினிக் கடை வைத்திருப்பவன். இவ்வளவு பழைய மெஷினில் புது விண்டோஸ் ஓடாது, லினக்ஸ் போட்டுத் தருகிறேன், அது இலவசம் என்றான். அவள் கண்முன்னாலேயே வட்டிலிருந்த எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினான். திரையைத் தமிழில் அமைத்தான். அவள் பெயரில் ஒரு கணக்கைத் திறந்தான்.

"பழசு ஒன்னும் இல்லக்கா. மொத்தமும் அழிச்சாச்சி. இப்ப இதுல நீங்க ஒரு ஆளுதான்."

மறுநாள் காலை கணினியைத் திறந்தபோது நுழைவுத் திரையில் இரண்டு பெயர்கள் இருந்தன.

பிரேமலா.

அதன் கீழே, யோகேந்திரன்.

அருணனைக் கூப்பிட்டாள். அவனுக்கும் விளங்கவில்லை. செட்டிங்ஸுக்குப் போய், பயனர்கள் பகுதியைத் திறந்து, அந்தப் பெயரை நீக்கச் சொன்னான். அவரது கோப்புகளை வைத்திருக்கவா, அழிக்கவா என்று கணினி கேட்டது. அழி என்பதை அழுத்தினாள். பெயர் மறைந்தது.

அடுத்த நாள் அது திரும்பவும் இருந்தது. அதோடு, அவள் விசைப்பலகையைத் தொட்டதுமே ஸ்பீக்கர்கள் அதிர ஓர் ஆண்குரல் எழுந்தது. உணர்ச்சியே இல்லாத இயந்திரக் குரல்.

"யோகேந்திரன்."

கையிலிருந்த தேநீர் மடியில் கொட்டியது.

பார்வையில்லாதவர்களுக்காகத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் வசதி அது, தெரியாமல் ஏதாவது விசை பட்டிருக்கும் என்றான் அருணன். அவள் அதை நிறுத்தினாள். ஒலியளவைக் குறைத்தாள். கடவுச்சொல்லை மாற்றினாள். அந்தப் பெயரை மறுபடியும் நீக்கினாள். ஒவ்வொரு காலையும் பெயர் இருந்தது, குரல் இருந்தது, ஒலியளவு கடைசிக் கோடுவரை ஏறியிருந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில், இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று அந்தப் பெயரின்மேல் அழுத்தினாள்.

கடவுச்சொல் கேட்கவில்லை.

திறந்தது வெறும் சாம்பல் திரை. படமில்லை, கோப்பில்லை. மூலையில் நேரம் மட்டும், கண் மங்கியவர்களுக்குப்போலப் பெரிய எழுத்தில். அவள் சுட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். திரையில் அம்புக்குறி அசைந்தது. நடுங்கிக்கொண்டே, நின்று நின்று, மூச்சு வாங்குவதுபோல மேல்மூலைக்கு ஏறியது. ஒலியளவின் கோட்டைப் பிடித்தது. இழுத்தது. முனைவரை இழுத்துவிட்டு மேலும் இழுத்துக்கொண்டே இருந்தது.

ஸ்பீக்கரிலிருந்து சொல் எதுவும் வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

யாரோ வாயைத் திறந்து வைத்திருக்கும் காற்று.

அவள் ஸ்பீக்கரின் வயர்களைப் பிடுங்கிச் சுருட்டிச் சுவரோரம் எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

சாலையில் ராக்காயி நனைந்தபடி மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறவள், மண்சாலையின் அந்தக் கோடியில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் குடியிருப்பவள். பிரேமலா யோகேந்திரனைப் பற்றிக் கேட்டதும், அவள் மோட்டாரை ஸ்டாண்டில் போட்டாள். இந்த வீட்டில் முன்பு குடியிருந்தவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்றாள். கல்யாணம் கட்டாதவர். நாளெல்லாம் அந்தப் பின்னறையில் கணினிமுன் உட்கார்ந்திருப்பாராம். கைகால் இழுத்துக்கொண்டு விழுந்தவரை, மின்சார மீட்டர் பார்க்க வந்தவர்தான் கண்டிருக்கிறார்.

"நாங்க தெனமும் அந்த ஜன்னல் பக்கமாத்தான் போனோம், வந்தோம். லைட்டு எரிஞ்சிச்சி. ஆளு இருக்காருன்னு நெனச்சிக்கிட்டோம்." ராக்காயி வீட்டைப் பார்க்காமல் பேசினாள். "ஆஸ்பத்திரியில சாவுறவரைக்கும் கொஞ்ச நாள் கெடந்தாரு. வாய் மட்டும் அசையும் தங்கச்சி. சத்தம் வராது."

அதற்குப் பிறகு பிரேமலா பின்னறைக் கதவைச் சாத்தியே வைத்தாள். வேறு வீடு பார்க்கச் சொல்லி அருணனிடம் கேட்டாள். வசனவரி வேலையை நிறுவனத்திடம் சில நாள் தள்ளிப்போடச் சொன்னாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

காய்ச்சல் ஒரு காலையில் எலும்புக்குள்ளிருந்து ஆரம்பித்தது. குளியலறைக்குப் போகும் வழியில் கால் மடங்கிச் சரிந்தவளால் எழ முடியவில்லை. கைப்பேசி படுக்கையில் இருந்தது. அது இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. கூரைமேல் வெயில் ஏறிற்று. தொழிலாளிகளின் பேச்சுச் சத்தம் ஜன்னலோரம் வந்து கடந்து போயிற்று. கூப்பிட வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கூடத்து விளக்கு அவளுக்கு மேலே நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

அப்போது சாத்திய கதவுக்குப் பின்னால் கணினி உயிர்பெறும் மெல்லிய இரைச்சல் கேட்டது.

"பிரேமலா."

அவள் உடம்பு சுருண்டது.

"பிரேமலா. பிரேமலா."

அதே குரல். ஏற்றமில்லை, இறக்கமில்லை. அவள் காதைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளும் பலகைச் சுவர் அதிர்ந்தது. இவள் இங்கே கிடக்கிறாள் என்று தெரிந்துகொண்டு கூப்பிடுகிறது. கதவைத் திறந்துகொண்டு வந்துவிடும் என்று நினைத்தாள். அழக்கூட ஈரம் இல்லை. அந்த ஒற்றைச் சொல் நிற்காமல், வெயில் சாயும்வரை, ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

முன்கதவு உடையும் சத்தம்தான் அவளுக்குக் கடைசியாகக் கேட்டது.

கொசுக்கடியால் வந்த டிங்கிக் காய்ச்சல் என்றார்கள். இன்னும் ஒரு பொழுது தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். கட்டிலருகே ராக்காயி கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள ஆம்பள கொரலு. ஒன் பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுது. ரோட்டுவரைக்கும் கேக்குது. நீ தனி ஆளாச்சே, அதான் கதவ ஒடச்சேன்." குரலைத் தாழ்த்தினாள். "பின்னறையில போய்ப் பாத்தேன் தங்கச்சி. யாரும் இல்ல. அந்த ஸ்பீக்கர் வயரு சொவரோரம் சுருண்டு கெடக்கு."

வீட்டுக்குத் திரும்பிய அன்று, கணினியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்று அருணன் கேபிள்களைக் கழற்றப் போனான். பிரேமலா அவன் கையைப் பிடித்தாள்.

"இருக்கட்டும்பா."

அவன் கேபிள்களை விட்டுவிட்டான். உடைந்த முன்கதவுத் தாழ்ப்பாளைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனான்.

பயம் விட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. பின்னறையில் உட்காரும்போது இன்னமும் முதுகு கூசியது. ஆனால் இரண்டாவது பெயரை அவள் நீக்கவில்லை. காலையில் திரையைத் திறந்ததும் அது இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு தன் பெயரை அழுத்தி வேலையைத் தொடங்குவாள். அந்தக் குரல் மறுபடி வரவில்லை. மாதங்கள் போயின.

மழை மூட்டமான ஒரு காலையில் நுழைவுத் திரையில் மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தது.

திவாகரன்.

அப்படி யாரையும் அவளுக்குத் தெரியாது. ராக்காயியைத் தொலைபேசியில் கேட்டாள். அவளுக்கும் தெரியவில்லை. அருணனுக்கும் தெரியவில்லை. திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. ஒலியளவின் கோடு மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது.

பிரேமலா குடையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினாள். சேறு கணுக்கால்வரை ஏறியது. முதல் லயத்தின் முதல் வீட்டுக் கதவைத் தட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் பெயரைச் சொல்லி, அப்படி ஒருவர் இங்கே தனியாகக் குடியிருக்கிறாரா என்று கேட்டாள்.