மூன்றாவது பந்து

மேசைமேல் இருந்த மூச்சுப் பயிற்சிக் கருவியில் முதல் பந்து தானாக மேலே ஏறியது.

கருவியின் ரப்பர்க் குழாய் யார் வாயிலும் இல்லை; மருந்துச் சீட்டுகளுக்கும் பாதி குடித்த வெந்நீர் டம்ளருக்கும் நடுவே சுருண்டு கிடந்தது. காதுக்காரர் அப்போது சட்டையின் இடது கையை மாட்டிக்கொண்டிருந்தார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அந்த ஒரு கையை மாட்டுவதே அவருக்குத் தனி உத்தியோகம். பந்து ஒரு மூச்சு நேரம் உச்சியில் நின்றது. பிறகு டக்கென்று விழுந்தது.

"டீச்சர், கேட்டுச்சா உனக்கு?"

"என்னதுங்க?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல. காத்து போல."

ஜன்னல்கள் சாத்தியிருந்தன. குளிர்காற்று பட்டாலே அவருக்கு இருமல் பிடித்துக்கொள்ளும் என்பதால் மின்விசிறி ஓடியே வெகு நாளாகிறது. காதை நம்பியே இத்தனை வருடம் சோறு தின்ற மனிதர், அன்று கண்ணை நம்பாமல் வேலைக்குக் கிளம்பிப் போனார்.

காதுக்காரர் என்பது குடிநீர் அலுவலகத்தில் வைத்த பெயர். தெருவுக்கு அடியில் குழாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலையாக இருந்தது. ஆள் உயர இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மேல் முனையில் இருக்கும் குமிழில் காதை வைப்பார். ஊர்ச் சத்தமெல்லாம் ஒதுங்கி, அடியில் தண்ணீர் சீறுவது மட்டும் கேட்கும். வீட்டுக் குழாய்களுக்கென்று முழ நீளத்தில் ஒரு குட்டிக் கம்பியும் வைத்திருந்தார். கசிவு எந்தப் பக்கம் என்று பிடிபடாவிட்டால், வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்ப்பார்கள். எதை மூடும்போது சீறல் நிற்கிறதோ, அந்த வழியாகத்தான் தண்ணீர் கசிவுக்குப் போகிறது. சுலபமான கணக்குதான். ஆனால் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்: "வருஷக்கணக்கா திறந்தே கிடக்கிற வால்வைத் தொடாதீங்கப்பா. சும்மா பார்க்கலாம்னு மூடுவீங்க, அப்புறம் தலைகீழா நின்னாலும் திறக்காது. ஓட்டம் நின்ன குழாய் சும்மாவும் இருக்காது. பக்கத்துல கிடைக்கிறதை எல்லாம் உள்ள இழுக்கும். சாக்கடையா இருந்தாலும் இழுக்கும்."

போன வருடம் அவருடைய இடது நுரையீரலை முழுசாக எடுத்தார்கள். புற்று அதோடு போயிற்று, மற்றதெல்லாம் தங்கிவிட்டது. முதுகிலிருந்து அக்குளுக்குக் கீழே சுற்றி வந்த தழும்பு ஓர் இடத்தில் மரத்துக் கிடக்கும், இரண்டு விரல் தள்ளி பனியன் உரசினாலே தீயாக எரியும். குரல் கம்மிவிட்டது. சிரித்தால் வலிக்கும், சாப்பிட்டால் இருமல் வரும். இடப்பக்கம் திரும்பினால் உள்ளே அரைக் குடம் தண்ணீர் தளும்புவதுபோல் இருக்கும். காலியான இடத்தில் நீர் நிரம்புவது சகஜம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மாடிப்படியில் பாதியில் நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் பெயின்ட் விளம்பரத்தை வாசிப்பதுபோல் பாவனை செய்வார். எத்தனை தடவைதான் ஒரு மனிதன் அதை வாசிப்பான்? பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. "ஆள் ஜம்முனு இருக்கீங்களே!" என்பார்கள். இவரும் ஜம்மென்று சிரித்து வைப்பார். அலுவலகத்தில் நீளக் கம்பியை வாங்கி வைத்துக்கொண்டு, புகார்த் தொலைபேசிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள்.

மனைவி பள்ளியில் விளையாட்டு டீச்சர். கல்யாணமான புதிதில் கேலியாக ஆரம்பித்து, இன்றுவரை அவரும் அவளை டீச்சர் என்றே கூப்பிடுகிறார். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அவள் ஊதினால் மைதானம் மட்டுமா, பக்கத்துத் தெருவில் போகிற சைக்கிளும் நின்றுவிடும். ஆஸ்பத்திரியில் கொடுத்த மூச்சுப் பயிற்சிக் கருவியோடு காலையும் மாலையும் அவரை விரட்டுவதும் அவள்தான். மூன்று பிளாஸ்டிக் கூண்டு, கூண்டுக்கு ஒரு பந்து. குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்து ஏறும். முதல் பந்துக்குக் கொஞ்சம் மூச்சு போதும். மூன்றாவதற்கு நெஞ்சு முழுக்க வேண்டும்.

"ஊதாதீங்க, இழுங்க! பலூனா அது?"

"இழுக்கிறதுக்கு உள்ள என்ன இருக்கு டீச்சர்? பாதிக் கடையை மூடியாச்சு."

"பாதிக் கடையிலயும் வியாபாரம் நடக்கும். ம், இழுங்க."

மாதக்கணக்கில் முதல் பந்தைத் தாண்டாதவருக்கு, பந்து தானாக ஏறிய அந்த வாரத்தில் ஒரு மாலை இரண்டாவதும் ஏறியது. டீச்சர் கைதட்டிக் குதித்தாள். குதித்து முடித்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. சந்தோஷத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை. பிறகு அந்த நினைப்பு அவரைப் போட்டு அரித்தது.

சில நாள் கழித்து அவர் மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறி, கதவைத் திறந்து, பின்னால் திரும்பிப் பார்த்தார். டீச்சர் பாதியில் நின்று பெயின்ட் விளம்பரத்தை வாசித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் சத்தம் காதில் விழ ஆரம்பித்தது. படுக்கையில், தலையணையில் காது பதிந்திருக்கையில், டீச்சர் மூச்சை விடுவதற்கும் அடுத்ததை எடுப்பதற்கும் நடுவே மெல்லிசாக ஒரு சீறல். எத்தனையோ தெருக்களுக்கு அடியில் அவர் கேட்ட சத்தம்தான்: அழுத்தத்தில் இருக்கும் ஒன்று, சின்ன ஓட்டை வழியாக, இருக்கக்கூடாத இடத்துக்குப் போகிற சத்தம். அது வந்துபோன பிறகு அவள் எடுக்கிற மூச்சு எப்போதும் ஒரு படி குறைவாக இருந்தது. அவரோ விடிகிறவரை இருமாமல், பச்சைக் குழந்தை மாதிரி தூங்கினார். அந்தத் தூக்கத்தை நினைத்தால் அவருக்கே கூசியது.

வற்புறுத்தி டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். படம் எடுத்தார்கள்; கூடவே அவருடைய மூச்சையும் சோதித்தார்கள். டீச்சரின் நுரையீரல் இரண்டும் சுத்தம்.

"இவரைப் பார்த்துக்கிட்ட அலுப்பும்மா. கொஞ்சம் ஓய்வெடுங்க" என்ற டாக்டரம்மா, இவர் பக்கம் திரும்பி முகம் மலர்ந்தார். "உங்க ரிசல்ட்தான் அபாரம். இவ்வளவு மூச்சு உங்களுக்கு எங்கேருந்து வருது?"

அன்றே படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார். டீச்சர் முகம் வாடிவிட்டது.

"உடம்பு தேறினதும் நான் வேண்டாதவளாயிட்டேனா?"

"இருமினா உன் தூக்கம் கெடும்மா."

"இருமி எத்தனை நாளாச்சு!"

நடுவில் ஒரு சுவர் வந்ததே தவிர, சீறல் குறையவில்லை.

பிறகு ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "இன்னிக்கு விசில் வரலங்க. ஊதுறேன், வெறும் காத்துதான் வருது. பசங்க சிரிச்சுட்டாங்க." சொல்லிவிட்டு அவளும் சிரிக்கப் பார்த்தாள். உதடு ஓரம் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. இவள் இல்லாமல் இந்தப் பாதி உயிரை வைத்துக்கொண்டு யாருக்காக இருப்பது? பரணிலிருந்து குட்டிக் கம்பியை இறக்கினார்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. தெரு விளக்கு எரிவதற்குள் மின்சாரமும் போய்விட்டது. ஃப்ரிட்ஜின் முனகல் அடங்கி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் வாய்மூடி, ஈரத்துணி வாடையும் தைல வாடையும் இருட்டோடு சேர்ந்து அறையில் தங்கின. டீச்சர் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, கருவிக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் கம்பியைச் சுவரில் வைத்துக் கேட்டார். சீறல் இருந்தது. தரையில், குழாயில், கட்டில் காலில், எங்கே வைத்தாலும் இருந்தது. எங்கேயும் பலமாக இல்லை. ஜன்னலை அழுத்திச் சாத்தினார். கதவுகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தார். சீறல் நிற்கவில்லை.

மெழுகுவத்திச் சுடர் அவர் பக்கம் சாய்ந்திருந்தது. அவர் மேசையின் அந்தப் பக்கம் போனார். சுடரும் திரும்பி, அந்தப் பக்கம் சாய்ந்தது.

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, கம்பி முனையைத் தழும்பின் மரத்துப்போன இடத்தில் வைத்தார். இரும்பின் குளிர்ச்சி அங்கே உறைக்கவில்லை. தலையைச் சாய்த்துக் குமிழில் காதை வைத்தார்.

மூச்சு.

அவருடைய மூச்சு இல்லை. அவர் விடும்போதும் அது இழுத்தது. எடுக்கும்போதும் இழுத்தது. உள்ளே போவது மட்டும்தான். வெளியே வரவே இல்லை.

"என்னங்க, உங்களுக்கே வைத்தியம் பார்க்கறீங்களா?" எதிரில் உட்கார்ந்திருந்த டீச்சர் கேட்டாள். மூன்று சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"டீச்சர், ஒரே ஒரு நிமிஷம். மூச்சை அடக்கிக்கோயேன்."

"அடக்கறதா? நீச்சல் போட்டியில நான்தான் முதல், தெரியுமில்ல?" கண்ணைச் சிமிட்டிவிட்டு, கன்னத்தை உப்பவைத்து, வாயை மூடினாள்.

சீறல் நின்றது.

சட்டென்று, கத்தரித்ததுபோல் நின்றது. சுடர் நிமிர்ந்தது. கம்பியில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. கண்டுபிடித்துவிட்டார். இவள் வழியாகத்தான் போகிறது. நாளைக்கே ஊரைவிட்டுப் போய்விடலாம், தனியாக, எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம். அழுகையும் நிம்மதியுமாக அவருக்கு நெஞ்சு விம்மியது.

"போதும்மா. விடு."

டீச்சர் வாயைத் திறந்தாள்.

மூச்சு வெளியே வந்தது. உள்ளே போகவில்லை.

அவள் தோள்கள் மேலே ஏறின. கழுத்து நரம்பு புடைத்தது. நெஞ்சு அசையவில்லை. அவள் அவரைப் பார்த்தாள், ஏதோ கேட்க வந்தவள்போல்.

வருஷக்கணக்காகத் திறந்தே கிடந்த வால்வு.

"டீச்சர்! இழு! இழும்மா!" முதுகில் தட்டினார். வாயோடு வாய் வைத்து ஊதினார். ஊதிய மூச்சு அவளுக்குள் இறங்கவில்லை. அவருடைய இடது விலாவுக்குள் எங்கோ சில்லென்று இறங்கியது.

சீறல் மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை மெல்லிசாக இல்லை. சுடர் நீண்டு, அவர் பக்கம் படுத்து, அணைந்தது.

இருட்டு.

அவர் தன் வாயைப் பொத்தினார். மூக்கை இறுக்கிப் பிடித்தார். நான் இழுக்காவிட்டால் அவளுக்குப் போய்ச் சேரும். அவ்வளவுதான் தோன்றியது. மிச்சமிருந்த நுரையீரல் முட்டி மோதியது. தழும்பு முழுக்கத் தீப்பிடித்தது. அவர் கையை எடுக்கவில்லை.

வலது பக்கம் நின்றது. இடது பக்கம் நிற்கவில்லை.

நிதானமாக இழுத்தது. அவசரமே இல்லாமல்.

டக்.

பந்து விழும் சத்தம் இல்லை. உச்சியில் முட்டும் சத்தம். அவர் காதுக்குத் தெரியாதா?

டக்.

மின்சாரம் வந்தது. குழல் விளக்கு இரண்டு தடவை சிமிட்டிவிட்டு எரிந்தது. டீச்சர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். விசில் அவள் உதடுகளுக்கு நடுவே இருந்தது. கன்னங்கள் ஒட்டியிருந்தன. கண்கள் அவர் மேலேயே நிலைத்திருந்தன.

மேசைமேல் மூன்றாவது பந்து ஏறிக்கொண்டிருந்தது. உச்சியைத் தொட்டது. மற்ற இரண்டோடு சேர்ந்து அங்கேயே நின்றது. விழவில்லை.